கீழே போன மண்

அன்புள்ள மகளுக்கு,

நான் மண் சுமக்கவில்லை. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று இருந்தேன். உன் அத்தை உனக்குப் போன் செய்து, இந்த வயதில் உன் அம்மா தலையில் கூடையை வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி இறங்குகிறாள், பார்க்கவே பாவமாக இருக்கிறது என்று சொன்னாளாம். உன் அத்தை பார்த்தது ரோட்டிலிருந்து, அதுவும் கண்ணாடி போடாமல். கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று அதைக் கைப்பையிலேயே வைத்திருப்பவள் அவள். கூடையோடு ஏறியது கூலிக்கு வந்த பெண்கள். நான் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை வெளியே போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். சுமக்கவில்லை, சுமக்க வைத்தேன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியும். அதே போல நான் உன் சித்தப்பா வீட்டு வாசலில் நின்று கெஞ்சினேன் என்றும் ஒரு பேச்சு உலவுகிறதாம். கெஞ்சுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. போனேன், உள்ளே உட்கார்ந்தேன், காபி குடித்தேன், பேச வேண்டியதைப் பேசினேன், வந்தேன். நடந்தது முழுவதையும் எழுதுகிறேன், அத்தை சொன்னதை மனதிலிருந்து அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் எழுதவே கை வராது. இங்கே எனக்கும் வீட்டுக்கும் பூனைக்கும் ஒரு குறையும் இல்லை. ரத்த அழுத்தம் அதன் இடத்தில் இருக்கிறது, முழங்கால் மட்டும் காலையில் எழுந்ததும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அதட்டினால் நடக்கிறது. மாப்பிள்ளைக்கு முதுகு வலி என்றாயே, அந்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலகையில் படுக்கச் சொல், உட்காரும்போது கேள்விக்குறி மாதிரி உட்காராமல் நிமிர்ந்து உட்காரச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே சொல்வது போலச் சொல். என் பல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன முறை வந்தபோது என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பல்லு சுத்தமாத்தாம்மா இருக்கு, ஆனா நீ தேய்க்கிற தேய்ப்புல ஈறு இறங்கிப் போச்சு, வேரு வெளிய தெரியுது, இது பல்லு தேய்க்கிறது இல்ல, பாத்திரம் தேய்க்கிறது" என்றாய். பெற்ற மகள் பல் டாக்டராக இருந்தால் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் பேச்சும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீ சொன்ன மெத்தென்ற பிரஷை அப்போது நான் வாங்கவில்லை. இப்போது வாங்கிவிட்டேன். அதற்கும் இந்த மண் விவகாரத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

நம் மேல் நிலத்தை உனக்குத் தெரியும். சரிவில் படிபடியாக இறங்கும், ஒவ்வொரு படிக்கும் கல் கட்டு, அதன் கீழே கடைசிக் கட்டைத் தாண்டினால் உன் சித்தப்பாவின் நிலம். அந்தக் கட்டுகளை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதும் உனக்குத் தெரியும். வரப்பில் ஒரு புல் இருக்காது. வருஷம் தவறாமல் ஆள் வைத்துச் செதுக்கி எடுப்பேன், கல் இடுக்கில் முளைக்கிறதைப் பழைய சமையல்கத்தியால் நானே சுரண்டுவேன். நான் படித்த கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் எங்கள் தையலைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார், பின்பக்கம் அலங்கோலமாக இருந்தால் முன்பக்கம் எப்படி இருந்தாலும் பிரித்துவிடச் சொல்வார். அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை, போக வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை. பாத்திகள் மேலிருந்து கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக ஓடும். ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கீழே உன் சித்தப்பாவின் நிலமோ, வரப்பு முழுக்க இடுப்பளவு புல்லு, கல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கொத்துக் கொத்தாக வளர்ந்து, பிடித்து இழுத்தால் கையைக் கிழிக்கிற முரட்டுப் புல். சோம்பேறித்தனத்துக்கு ஒரு படம் வரையச் சொன்னால் நான் அதைத்தான் வரைந்திருப்பேன்.

மழைக்காலம் ஆரம்பிக்கும் முன்பே ஒரு மழை வந்தது. இதுவரை இல்லாத மழை என்று எல்லோரும் சொல்கிறார்கள், எல்லா மழைக்கும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் இது கொஞ்சம் அதிகம்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஜன்னலில் பார்த்தால் உச்சிப் படியின் கல் கட்டு சரிந்து அடுத்த படியின் மேல் கிடக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படியும் போனது. என் நேரான பாத்திகள் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலாகி மண்ணை வாரிக்கொண்டு இறங்கின. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன், குழாயை மூடவும் தோன்றவில்லை. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். உச்சியில் இரண்டு படியிலும் கறுப்பு மண் இல்லை. மஞ்சளாக, வழுவழுவென்று, உள்ளே இருக்க வேண்டிய மண் வெளியே தெரிந்தது, அங்கங்கே பாறை. அவரைப் பந்தலுக்கு நட்ட குச்சிகள் மண்ணோடு பயணம் செய்து உன் சித்தப்பாவின் நிலத்தில் கோணல்மாணலாக நின்றன. நம் மண் அங்கே முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அவருடைய வரப்புக் கட்டிலோ ஒரு கல் அசையவில்லை.

அந்த வாரமே விடுதிக்காரர் வந்துவிட்டார். நம் மேல் நிலத்தில் வாடகைக் குடில் கட்ட வேண்டும் என்று முன்பே ஆசைப்பட்டவர், நான்தான் பிடி கொடுக்காமல் இருந்தேன். இப்போது அவர் காலணியில் சேறு படாமல் ஓரமாக நின்று, "இனி இது விவசாயத்துக்கு ஆகாதும்மா, ஆனா அஸ்திவாரத்துக்கு அருமையான இடம்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். உன்னிடம் போனில் சொன்னபோது நீயும், "கொடுத்துடும்மா, ஒண்டியா எதுக்கு மல்லுக்கட்டுற" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ அங்கிருந்து அப்படித்தான் சொல்ல முடியும். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கட்டைத் திரும்பக் கட்டித் தருகிறேன், ஆனால் மேலே வெறும் மஞ்சள் மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்றார். அவர் கேட்டது நியாயம். ஓர் அங்குலம் மேல்மண் உண்டாக என் ஆயுளும் உன் ஆயுளும் சேர்த்தாலும் போதாது. பெரிய மழைக்காலம் வருவதற்குள் போன மண் மேலே திரும்பி, கட்டும் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் அது நிலம் இல்லை, விடுதிக்காரர் சொன்ன அஸ்திவாரம்தான். மண்ணோ உன் சித்தப்பாவிடம் இருந்தது.

அவரோடு நான் பேசுவதை எப்போது நிறுத்தினேன் என்று உனக்கு நினைவிருக்கும். உன் கல்யாணத்தன்று மண்டபத்தில் நாற்காலி வரிசை ஒன்று கோணலாக இருக்கிறதே என்று சரிசெய்துகொண்டிருந்தேன், அவர் எழுந்து, கான்வென்ட் மதரிடம் ஆஜர் சொல்கிற பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கி, "உள்ளேன் மதர்" என்றார். மண்டபமே சிரித்தது. நீயும் மணப்பெண் என்றும் பார்க்காமல் சிரித்தாய், நான் கவனித்தேன். அன்றிலிருந்து அவர் வீட்டுப் படி நான் மிதிக்கவில்லை. உன் அப்பா இருந்தவரை சமாதானம் செய்து பார்த்தார், எனக்கு மனசில்லை. இப்போது மண்ணுக்காகப் போக வேண்டியதாயிற்று. நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கைக்கடிகாரமும் போட்டுக்கொண்டு, வழி வழுக்கியதால் கம்பு ஊன்றிப் போனேன். உன் சித்தி என்னைப் பார்த்ததும் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டாள், ஏதோ தீய்ந்த வாசனை கடைசிவரை வந்துகொண்டே இருந்தது. சித்தப்பா நாற்காலியில் இருந்த துணி மூட்டையைத் தரையில் தள்ளி எனக்கு இடம் செய்தார். அவர் வீடு அப்படித்தான். நான் நேராக விஷயத்துக்கு வந்து, "தம்பி, என் மண்ணு உங்க நிலத்துல இருக்கு" என்றேன். "அதுல பேரு எழுதியிருக்கா அண்ணி?" என்றார். "என் அவரைக் குச்சி நிக்குதே, அது போதாதா" என்றேன். உன் சித்தி உள்ளேயிருந்து, "அக்கா, எடுத்துட்டுப் போங்கக்கா, என் கீரைப் பாத்தி அதுக்கடியிலதான் இருக்கு, மூச்சு இருக்கோ இல்லையோ" என்றாள். அவர் சிரிக்கவில்லை. வருஷா வருஷம் உங்கள் மண் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருக்கிறது, என் முட்டைக்கோஸ் அவ்வளவு பெரியதாக வருவது என் சாமர்த்தியம் என்று நினைத்தீர்களா, இத்தனை வருஷமாக உங்கள் மண்ணைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம் என்றார். இதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை, அதனால் குறித்து வைக்கிறேன். பிறகு, "எடுத்துக்குங்க அண்ணி, ஆளோட நானும் வரேன், ஆனா ஒரு கண்டிஷன், இனிமே வரப்பைச் செதுக்கக் கூடாது, என் வரப்புப் புல்லைத் தரேன், உங்க வரப்புல நடணும், மாட்டேன்னா மண்ணு இங்கயே இருக்கட்டும், வருஷா வருஷம் ஏத்திவிட என் இடுப்புல தெம்பு இல்ல" என்றார்.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கெஞ்சினேன் என்று பேசுகிறார்களே, உன் அத்தையிடம் இதைச் சொல். தன் வீட்டுத் துணியை மடிக்கத் தெரியாதவர் எனக்கு வரப்பு வைக்கச் சொல்லித் தருகிறார் என்று வழி முழுக்க எனக்குள் பேசிக்கொண்டே வந்தேன். விடுதிக்காரருக்குக் கொடுத்தாலும் கொடுப்பேன், என் வரப்பைக் காடாக்க மாட்டேன் என்று கூட நினைத்தேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் வாயைப் பார்த்தேன். நீ காட்டிய அந்த இடம், ஈறு இறங்கிப் பல்லின் வேர் மஞ்சளாகத் தெரிகிற இடம். அதே கையோடு ஜன்னல் பக்கம் திரும்பினால் சரியாமல் மிச்சமிருந்த என் கல் கட்டு தெரிகிறது. ஒவ்வொரு கல்லும் கழுவி வைத்தது போலச் சுத்தமாக, நீளமாக, அடி தெரிய நிற்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே சித்தப்பாவின் கட்டில் கல்லே தெரியவில்லை, புல்லு அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது. பிரஷை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருப்பேன் போல, நுரை புடவையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை, அந்த மழைக்கு எதுவும் நிற்காது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர் கட்டு நின்றது. அன்றைக்கே அவருக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினேன், கடைக்கு ஆள் அனுப்பி மெத்தென்ற பிரஷும் வாங்கினேன். அவர் சொன்னதற்காக நான் கேட்கவில்லை, நீ சொன்னதற்காகத்தான் கேட்டேன். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கொத்தனார் கல்லை அடுக்கிக்கொண்டே வர, கீழே சித்தப்பா மண்வெட்டியோடு நின்று கூடையை நிரப்பிக் கொடுக்க, பெண்கள் வரிசையாக ஏறினார்கள். நான் உச்சியில் உட்கார்ந்து ஒவ்வொரு கூடையையும் பார்த்துத்தான் கொட்ட விட்டேன். கல் இருந்தால் பொறுக்கச் சொன்னேன், கறுப்பு மண்ணுக்குப் பதில் மஞ்சளை நிரப்பியிருந்தால் திருப்பி அனுப்பினேன். திரும்பிப் போன கூடையைப் பார்த்துக் கீழேயிருந்து, "மதர், மண்ணுக்கும் பரீட்சையா, பாஸ் மார்க் எவ்வளவு?" என்று குரல் வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தினமும் காலையில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கூப்பிட்டுப் பார்ப்பேன், முறை என்று ஒன்று இருக்கிறதே. இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, எல்லோரும் பதில் சொல்லி முடித்த பிறகு கீழேயிருந்து, "உள்ளேன் மதர்" என்று வந்தது. நான் குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். சிரித்தேன் என்று அத்தை சொன்னால் நம்பாதே, வெயில் கண்ணில் அடித்தது. ஆனால், "தாமதமா வந்தா வெளிய நிக்கணும்" என்று பதில் சொன்னேன், அது உண்மை. அன்று மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் உன் சித்தி சமைத்து அனுப்பினாள், தீயாமல்.

புல் நட்டதைச் சொல்ல வேண்டும். அவர் வரப்பிலிருந்து கொத்துக் கொத்தாகப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். சும்மா குத்திவிட்டால் போதும், அது பாட்டுக்குப் பிடித்துக்கொள்ளும் என்றார். நான் கயிறு கட்டி, ஒரே இடைவெளி விட்டு நடச் சொன்னேன். புல்லாக இருந்தாலும் வரிசை வரிசைதானே. பாத்தியையும் இந்த முறை மேலிருந்து கீழே போடவில்லை, சரிவுக்குக் குறுக்கே போட்டோம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை வாங்கிக்கொண்டேன், அதில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், அதை வைத்து மட்டம் பார்த்துக் குச்சி நட்டுக்கொண்டே போனோம். அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ரோட்டிலிருந்து பார்த்தால் பாத்தி வளைந்து வளைந்து, குழந்தை கிறுக்கினது போல இருக்கும். மட்டம் பார்த்தால் ஒரு நூல் கூடப் பிசகாது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தெரியாது. உன் சித்தப்பா ஒரு இடத்தில் அவசரப்பட்டுக் குச்சியைத் தள்ளி நட்டார், பிடுங்கித் திரும்ப நட வைத்தேன்.

போன வாரம் மழைக்காலம் ஆரம்பித்தது. முதல் நாளே நல்ல மழை. எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை, குடையை எடுத்துக்கொண்டு கடைசிக் கட்டின் ஓரத்தில் வடிகால் இறங்குகிற இடத்துக்குப் போனேன், திட்டாதே, கம்பு எடுத்துக்கொண்டுதான் போனேன். அந்தப் பக்கம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உன் சித்தப்பா முன்னாலேயே வந்து நின்றிருந்தார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தோம். முன்பெல்லாம் அது பால் விட்ட டீ மாதிரிக் கெட்டியாக வரும். முதலில் கொஞ்சம் கலங்கித்தான் வந்தது. பிறகு வரவர நிறம் வெளுத்து, அடியில் இருக்கும் கூழாங்கல் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. உச்சியில் புதுக்கட்டில் ஓர் ஓரம் மட்டும் இறங்கியிருந்தது, கொத்தனார் நேற்று வந்து சரிசெய்தார். அது போனால் போகிறது. உன் சித்தப்பா குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க மண்ணு இந்தத் தடவை எங்க வீட்டுக்கு வரல, ஏதும் கோவமா?" என்றார். "இனிமே உங்க முட்டைக்கோஸ் உங்க சாமர்த்தியத்துல வளரட்டும் தம்பி" என்றேன். அவர் என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே வந்து காபி குடித்தார், நாற்காலியைக் கோணலாக விட்டுவிட்டுப் போனார், உடனே சரிசெய்யவில்லை, சாயந்திரம்தான் சரிசெய்தேன்.

இப்போது உச்சிப் படியில் அவரை முளைத்திருக்கிறது. இந்தப் புல்லின் வேர் கட்டை முழுசாகப் பிடிக்க இன்னும் ஒன்றிரண்டு மழைக்காலம் ஆகும் என்கிறார்கள், அதுவரை ஒரு கண் வைத்திருக்க வேண்டும். உழவு வேலையை உன் சித்தப்பா பார்த்துக்கொள்கிறாராம், மேற்பார்வை நான் பார்க்க வேண்டுமாம், வேறு யார் பார்ப்பது. எனக்குக் காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது, நன்றாக இருக்கிறது. நேற்று பார்த்தால் புதுப் புல் ஒன்று வரிசையை விட்டு வெளியே சாய்ந்து வளர்ந்திருக்கிறது. கத்தியை எடுக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

விடுதிக்காரர் விடுவதாக இல்லை, முந்தாநாள் மறுபடி வந்தார். பச்சையைப் பார்த்து முகம் கொஞ்சம் வாடிவிட்டது. என் பங்குக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் நிலம் என் பேரிலும் உன் பேரிலும் சேர்த்து இருக்கிறது, உன் பங்குக்கு நான் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். நீ விற்கலாம் என்றால் எனக்குக் கோபம் வராது, வருத்தம் வரும், அதை மறைக்க மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். போனில் நீ 'சரிம்மா, சரிம்மா' என்கிறாய், எதற்குச் சரி என்று வைத்த பிறகுதான் யோசிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நாள் முழுக்க நின்றுகொண்டே அடுத்தவர் வாயைப் பார்க்காமல் நடுவில் உட்கார்ந்து சாப்பிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நன்மையும் கிடைக்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் என்றும் ஒற்றுமையாக இருக்க வேண்டும், தினமும் காலையில் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு நீயாக ஒருமுறை பேசு, நான் சொன்னதாகச் சொல்லாமல்.

மேல் நிலத்தை வைத்துக்கொள்வதா, கொடுப்பதா, உன் முடிவை ஒரு வரியானாலும் உன் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா